பைரைட்டு ஆய்வுக்குத் தெறிப்பொளி நுணுக்குக்காட்டி: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

பேராதனையில் பல ஆண்டுகளாக நான் பயன்படுத்திவரும் தெறிப்பொளி நுணுக்குக்காட்டி, அதாவது மெருகிட்ட கல்லின் பரப்பில் தெறிக்கும் ஒளியால் கனிமங்களைக் காட்டும் நுணுக்குக்காட்டி, விலையுயர்ந்த கருவியன்று. ஆயினும், வண்டற் படுகைகளிலிருந்து வரும் களிப்பாறையிலுள்ள பைரைட்டு என்னும் இரும்புச் சல்பைட்டுக் கனிமத்தின் கந்தகச் சமதானிப் பெறுமானங்களுக்கு (பாரமான கந்தகம்-34க்கும் இலேசான கந்தகம்-32க்கும் உள்ள விகிதத்துக்கு) பொருள் காண்பதில் அதற்கு ஈடாக வேறொன்று எனக்கு உதவவில்லை. மலைநாட்டுப் பாறைகளோ ஆழத்தில் கடும் வெப்பத்தால் உருமாறியவை. வண்டலாக இருந்த காலத்து இழையமைப்பை அவற்றில் தேடிப் பயனில்லை. ஆகவே இலங்கையின் வடமேற்குக் கரைக்கு அப்பாலுள்ள மன்னார்ப் படுகை போன்ற இடங்களின் மாதிரிகளே இவ்வேலைக்கு உகந்தவை.

இன்றைய கடல்நீரின் சல்பேற்றில் கந்தகம்-34, சர்வதேச நியமத்தைவிட ஆயிரத்துக்குச் சுமார் 21 கூடுதலாக உள்ளது. ஒட்சிசனற்ற சேற்றில் அதைச் சல்பைட்டாக மாற்றும் பற்றீரியாக்கள் இலேசான கந்தகம்-32ஐ விரைவாக நுகர்வதால், விளையும் சல்பைட்டின் பெறுமானம் சல்பேற்றினதைவிட ஆயிரத்துக்கு 70 வரைகூடக் குறையலாம். சேறு புதையுண்டு மேலிருந்து சல்பேற்று வருவது தடைப்பட்டதும், எஞ்சிய சல்பேற்று பாரமாகிக்கொண்டே போக, பிந்தி உருவாகும் பைரைட்டும் பாரமாகிறது. இவ்விரு தலைமுறைகளும் ஒரே கல்லில் கிடக்கும்போது, கல்லை முழுதாக அரைத்து அளந்தால் கிடைப்பது சராசரியே: ஆயிரத்துக்கு -35 உடைய பைரைட்டும் +15 உடையதும் சமபங்காக இருந்தால் விடை -10, அப்படியொரு மணி அக்கல்லில் எங்குமே இராது.

நுணுக்குக்காட்டியில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. முந்திய தலைமுறை பெரும்பாலும் நுண்பளிங்குகள் திரண்ட சிறு கோளங்களாக இருக்கும். சல்பைட்டு நிறைந்த நீரிலேயே உருவானவை சராசரியாக 5 மைக்ரோமீற்றர் அளவினவாகவும் ஒரே சீராகவும், சேற்றுக்குள் வளர்ந்தவை பெரியனவாகவும் பல அளவினவாகவும் அமைகின்றன. அவற்றைச் சுற்றிப் படிந்த பிந்திய படைகளை நைத்திரிக்கமிலத்தால் இலேசாக அரித்தால் வளர்ச்சி வளையங்கள் வெளிப்படும். ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரு முனைவாக்கிகளின் ஊடே (குறுக்கு முனைவாக்கத்தில்) பார்த்தால் பைரைட்டு இருண்டே கிடக்க, அதே சேர்க்கையும் வேறு பளிங்கமைப்பும் கொண்ட மார்க்கசைட்டு மேடையைச் சுழற்றும்போது நிறம் மாறும். மார்க்கசைட்டு இருப்பது, சேற்றின் நுண்டுளைகளிலிருந்த நீர் அமிலத்தன்மையானது என்பதற்கு நல்ல சான்று. அயன் கற்றையால் ஒரு சிறு புள்ளியில் மட்டும் சமதானிகளை அளக்கும் அயன் நுண்ணலகியின் அளவீட்டுப் புள்ளி பல வேளைகளில் இக்கோளங்களைவிடப் பெரிது என்பதால், மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புமுன் எந்த மணியில் எவ்விடத்தை அளப்பதென இங்கேயே வரைந்து கொடுத்துவிடுகிறேன்.

குறைகளும் உண்டு. கோளத்தினுள் இருக்கும் மிகச் சிறு பளிங்குகளை இது பிரித்துக் காட்டாது. அதற்கு இலத்திரன் நுணுக்குக்காட்டியே வேண்டும். மழைக்காலத்து ஈரப்பதனில் வில்லைகளில் பூஞ்சணம் பிடிக்கிறது. மெருகிட்ட பைரைட்டு மங்கி, சில மாதிரிகளில் வெண்ணிறச் சல்பேற்றுப் பொடியும் பூக்கிறது. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட அடைத்த பெட்டி இன்றி மலைநாட்டில் இக்கருவியை வைத்திருப்பது வீண்.

வாங்க எண்ணுவோருக்கு என் பரிந்துரை, கமராவுக்குச் செலவிடுவதைவிட எண்ணெய்வில்லைக்கும் (மாதிரிக்கும் வில்லைக்கும் இடையே எண்ணெய்த் துளி இட்டுப் பார்க்கும் வில்லை) சுழலும் மேடைக்கும் செலவிடுவதே. கடினமான பைரைட்டும் மென்மையான களியும் ஒன்றாகத் தேயாததால், 1 மைக்ரோமீற்றர் வைரப் பசையால் பொறுமையாக மெருகிட்ட துண்டில்தான் அந்த வில்லையும் பயன்படும்.