விறகு அடுப்பு மாட்ட ஆள் கூப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு: மீதிப் பணம் கொடுக்கும் முன் குழாய் மூட்டுகளைப் பாருங்கள்

புகைக்குழாயில் ஒரு துண்டும் இன்னொரு துண்டும் சேரும் ஒவ்வொரு மூட்டிலும் மூன்று ஸ்க்ரூ இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில், ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் ஒரு வீட்டில் குளிர்காலத்துக்காக மாட்டிய அடுப்பில், ஒரு மூட்டில்கூட ஒரு ஸ்க்ரூ இல்லை. துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, அலுமினிய டேப் சுற்றி, டேப் தெரியாமல் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டு, முழுப் பணத்தையும் வாங்கிப் போயிருக்கிறார்கள். கூடத்தில் புகை நெடி அடிக்கிறதென்று வீட்டம்மா போன் செய்தபோது வந்த பதில்: "புது அடுப்பின் பெயின்ட் வாசனை ஆன்ட்டி, நாலு தடவை எரித்தால் போய்விடும்."

அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் நம்பிவிடுகிறோம். புது அடுப்பின் பெயின்ட் முதல் சில தடவை சூடாகும்போது இறுகும். அப்போது ஒரு ரசாயன நெடி வரும், ஜன்னலைத் திறந்து வைத்துச் சின்ன நெருப்பாக எரித்தால் அது தீர்ந்துவிடும். விறகுப் புகையின் நெடி வேறு. அது போகாது, நெருப்பு அடங்கும் நேரத்தில் இன்னும் கூடும். மூட்டின் கீழே பழுப்பாகவோ கறுப்பாகவோ கோடு வழிந்திருந்தால் அது பெயின்ட் அல்ல. உள்ளே படியும் புகையின் தார் வெளியே கசிகிறது.

இந்த வீட்டில் கோடு வழிந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது: குழாய்களைத் தலைகீழாகச் செருகியிருந்தார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு முனை சற்றுக் குறுகியிருக்கும், மறுமுனை அகன்றிருக்கும். குறுகிய முனை எப்போதும் கீழே, அடுப்பைப் பார்த்து இருக்க வேண்டும். அப்படி இருந்தால் மேலிருந்து வழியும் தாரும் ஈரமும் குழாயின் உட்பக்கமாகவே இறங்கி அடுப்புக்குள் போய் எரிந்துவிடும். மாற்றிப் போட்டால் ஒவ்வொரு மூட்டிலும் வெளியே கசியும். 'புகை மேலேதானே போகிறது, குறுகிய முனை மேலே இருந்தால்தான் கசியாது' என்று இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். நம்பாதீர்கள். நன்றாக இழுக்கும் குழாயின் உள்ளே அழுத்தம் அறையைவிடக் குறைவு. இடுக்கு இருந்தால் அறைக் காற்றுதான் உள்ளே போகும். புகை வெளியே வராது.

அப்படியானால் இடுக்கு இருந்தால் என்ன? உள்ளே புகும் குளிர்ந்த காற்று புகையின் சூட்டைக் குறைக்கிறது. இழுவை, அதாவது புகையை மேலே இழுக்கும் வேகம், தளர்கிறது. குழாயின் உட்சுவர் சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் தார் படியத் தொடங்கும். படிந்த தார் ஒருநாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடித்தால் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டலாம். அந்த இரைச்சலில் குழாய் முழுதும் அதிரும். ஸ்க்ரூ இல்லாத மூட்டு கழன்று விழுவது அந்த நேரத்தில்தான். இரவில் காற்றுத் திறப்பை மூடிவிட்டுப் படுக்கும்போது வேறொரு ஆபத்து: நெருப்பு கனன்றுகொண்டு மட்டும் இருக்கும், இழுவை மிகக் குறைவு, கார்பன் மோனாக்சைடு அதிகம். எதிர்க்காற்று அடித்தால் அது அதே இடுக்கு வழியாக அறைக்குள் வரும். நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. படுக்கையறைப் பக்கம் ஓர் அலாரம் கட்டாயம் வையுங்கள். இங்கே ஆடி குளிர்காலம்; ஆடி மாதக் கூழ் ஊற்றுக்கு உறவெல்லாம் வந்து கூடத்திலேயே பாய் விரித்துப் படுக்கும் வீடுகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

டேப் ஏன் தாங்கவில்லை? எஃகு சூட்டில் நீளும். 3 மீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய் 250 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் நீளும், ஆறினால் சுருங்கும். தினமும் இப்படி இழுபட்டால் டேப்பின் பசை காய்ந்து உதிர்ந்துவிடும். கடையில் கிடைக்கும் சாதாரண சிலிக்கோனும் அடுப்புக்கு அருகில் நிற்காது. நெருப்புச் சிமென்ட் சூட்டைத் தாங்கும், ஆனால் அதன் வேலை இடுக்கை அடைப்பது மட்டுமே. குழாயைப் பிடித்து வைப்பது ஸ்க்ரூதான். அலுமினிய ரிவெட் அடித்துவிட்டு 'இது அதைவிட உறுதி' என்பவர்களும் உண்டு. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதனால் குழாய்க்குள் தீப்பிடித்தால் முதலில் போவது அந்த ரிவெட். ரிவெட்தான் வேண்டுமென்றால் எஃகு ரிவெட் கேளுங்கள்.

சரியான வேலை இப்படி இருக்கும். அடுப்பிலிருந்து மேல்நோக்கி எல்லாத் துண்டுகளையும் முதலில் சும்மா செருகிப் பார்த்து நேராக நிறுத்துவார்கள். அடுப்பில் குழாய் சேரும் கழுத்துக்குள் குழாயின் குறுகிய முனை இறங்க வேண்டும். கழுத்தை வெளியே மூடிக்கொண்டு குழாய் உட்காரக் கூடாது. கழுத்தில் துளை இருந்தால் அதில் மூன்று ஸ்க்ரூ. இல்லாவிட்டால் துளையிட வேண்டும்; வார்ப்பிரும்பாக இருந்தால் மெதுவாக, அடித்து ஓட்டாமல். சுற்றியுள்ள இடுக்கில் கண்ணாடி இழைக் கயிறோ நெருப்புச் சிமென்ட்டோ வைக்கலாம். அடுத்த ஒவ்வொரு மூட்டும் 35 முதல் 40 மில்லிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். அந்தப் படிவின் நடுவில், சுற்றிலும் சம தூரத்தில் மூன்று துளை, 12 மில்லிமீட்டர் நீள ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ. அதைவிட நீளமாகப் போட்டால் உள்ளே நீட்டிக்கொண்டு கரியைப் பிடிக்கும், சுத்தம் செய்யும் பிரஷைக் கிழிக்கும்.

ஸ்க்ரூ போடக் கூடாத இடம் இரண்டு. நீண்டு சுருங்கவென்றே வைத்திருக்கும் நழுவும் மூட்டு ஒன்று. இரட்டைச் சுவர் குழாயின் உட்சுவர் இன்னொன்று. அதற்குத் தனிப் பூட்டுப் பட்டை உண்டு.

இனி குழாயின் தரம். அந்த வீட்டுப் பில்லில் 304 ரக ஸ்டெயின்லெஸ் என்று எழுதிவிட்டு, மாட்டியது துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய். துத்தநாகம் 420 டிகிரியில் உருகும், பூச்சு அதற்கு வெகு முன்பே உரியும், மிஞ்சிய சூட்டில் வரும் ஆவி உடம்புக்குக் கெடுதல். காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள்: 304 பெரும்பாலும் ஒட்டாது, ஜி.ஐ. ஒட்டும். ஆனால் தென்னாப்பிரிக்காவில் உருவான 3சிஆர்12 எஃகும் காந்தத்தில் ஒட்டும், அதனால் காந்தத்தை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். ஜி.ஐ. தகட்டின் மேல் பூப்பூவாகத் தெரியும், சில தடவை எரித்தபின் வெளிறிப் பொடி உதிரும்.

அளவிலும் ஏமாற்று. அடுப்பின் கழுத்து 150 மில்லிமீட்டர், மேலே போனது 125. பார்வைக்குச் சின்ன வித்தியாசம், ஆனால் குழாயின் வாய்ப்பரப்பு 177 சதுர சென்டிமீட்டரிலிருந்து 123 ஆகிறது. புகை போகும் வழியில் 30 சதவீதம் போய்விட்டது. ஜோஹானஸ்பர்க் பக்கம் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,750 மீட்டர் மேலே இருக்கிறோம், காற்றே அடர்த்தி குறைவு. இங்கே இழுவையில் கை வைப்பது பெரிய தவறு.

என்னைக் கேட்டால், இருந்த குறைகளிலேயே மோசமானது சீலிங்குக்கு மேலே இருந்தது. ஒற்றைச் சுவர் குழாயே நேராகச் சீலிங்கைத் துளைத்து, கூரையின் பைன் சட்டத்துக்கு ஒரு கையகலம்கூட விலகாமல் போயிருந்தது. அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 211 விதிப்படி எரியக்கூடிய எதற்கும் ஒற்றைச் சுவர் குழாய்க்கும் இடையே 457 மில்லிமீட்டர் வேண்டும், சீலிங்குக்குள் அது போகவே கூடாது. அந்த இடத்தில் இன்சுலேஷன் உள்ள இரட்டைச் சுவர் குழாய்தான். மரம் முதல் நாளே எரியாது. மாதக்கணக்கில் சூடுபட்டுச் சூடுபட்டு உள்ளுக்குள் கருகி, கடைசியில் முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். ஏணி போட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், அல்லது மாட்டுகிறவர்களையே அந்த இடத்தைப் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தகரக் கூரையில் குழாயைச் சுற்றிப் போட்டிருந்த கறுப்பு ரப்பர் வளையம் ஏற்கெனவே இளகியிருந்தது. சூட்டுக்கு சிலிக்கோன் வளையம் வேண்டும். கூரைக்கு மேலே குழாய் குறைந்தது 90 சென்டிமீட்டர், அதோடு 3 மீட்டருக்குள் இருக்கும் எந்த உச்சியைவிடவும் 60 சென்டிமீட்டர் உயரமாக இருக்க வேண்டும்.

மீதிப் பணம் கொடுக்கும் நாளில் நெருப்பு மூட்டச் சொல்லுங்கள். நன்றாக எரியும்போது ஓர் ஊதுபத்தியை ஒவ்வொரு மூட்டையும் சுற்றிக் கொண்டு போங்கள். புகை உள்ளே இழுபட்டால் அங்கே இடுக்கு இருக்கிறது. அடுப்பு ஆறியபின் குழாயைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள், எந்த மூட்டும் திரும்பக் கூடாது. தென்னாப்பிரிக்கக் கட்டடத் தரமான எஸ்.ஏ.என்.எஸ். 10400-இல், அறை சூடேற்றுவது பற்றிய 'வீ' பகுதிப்படி மாட்டியதாக எழுதிக் கையெழுத்து கேளுங்கள். தயங்குகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். அதன்பின் ஈரம் 20 சதவீதத்துக்குக் குறைந்த வாட்டில் மர விறகை எரியுங்கள், வருஷா வருஷம் சித்திரையிலேயே குழாயைச் சுத்தம் செய்யுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், அடுப்பை எரிப்பதை நிறுத்துங்கள். எதையும் கழற்றும் முன் ஒவ்வொரு மூட்டையும் சீலிங் துளையையும் படம் எடுங்கள், பில்லை வைத்திருங்கள். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 54ஆம் பிரிவு, குறைவேலையைச் சரிசெய்து தரவோ பணத்தில் நியாயமான பங்கைத் திருப்பித் தரவோ கேட்கும் உரிமையைத் தருகிறது. குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்க 56ஆம் பிரிவு. முதலில் தேதி போட்டு எழுத்தில் கேளுங்கள்; போனில் பேசியது நிற்காது. பதில் வராவிட்டால் சிறு கோரிக்கை நீதிமன்றம்: 2019 ஏப்ரலில் வரம்பை 20,000 ராண்ட் ஆக்கினார்கள். அங்கே வக்கீல் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் விடமாட்டார்கள். கழற்றிய டேப் துண்டையும் குழாயில் ஒரு துண்டையும் எடுத்துப் போங்கள்.