மின்விநியோகத்தைத் தனியாரிடம் விட்டால் கரண்ட் சீராகுமா? கொங்கு நாட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

மின்விநியோகத்தைத் தனியாரிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சு கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் அடிக்கடி எழும். கரண்ட் பில் ஏறும்போதெல்லாம் எழும், காற்றும் மழையும் அடித்து நாள் முழுக்க லைன் வராதபோது இன்னும் பலமாக எழும். மறுபேச்சும் உடனே வந்துவிடும்: தனியார் வந்தால் தோட்டத்து மோட்டாருக்கு இலவச மின்சாரம் போய்விடும், தறிக்குக் கிடைக்கிற சலுகை போய்விடும். இரண்டு பக்கமும் தீர்மானமாகத்தான் பேசுகிறார்கள். தனியாரிடம் கொடுத்த ஊர்களில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள் குறைவு. அந்த ஊர்களின் கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: விநியோகத்தைத் தனியாரிடம் விடுவது ஒரு கோளாறை மிக நன்றாகச் சரிசெய்கிறது. அந்தக் கோளாறு நம் பக்கம் பெரிதாக இல்லை. நம்மிடம் இருக்கும் கோளாறு வேறு.

முதலில் நம் கோளாறைச் சொல்லிவிடுகிறேன். சோமனூர், பல்லடம், மங்கலம் பக்கம் தறிக்குடோன்களில் கேட்டுப் பாருங்கள். சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் கரண்ட் போவதைவிட, போய்ப் போய் வருவதுதான் பாடாய்ப் படுத்துகிறது என்பார்கள். ஓடிக்கொண்டிருக்கிற தறி சட்டென்று நின்றால் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா, பாவுக்கு (நெடுக்கு நூல்களுக்கு) நடுவில் சிக்கும், இழை அறும். அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து முடிந்துவிட்டுத்தான் மறுபடி ஓட்ட முடியும். அப்படி ஓட்டினாலும் தறி நின்ற இடம் துணியில் கோடாகத் தெரியும். கூலிக்கு ஓட்டுகிறவருக்கு அந்தக் கோட்டுக்கு யாரும் கூலி தருவதில்லை, கழித்துக்கொள்வார்கள். கோவையில் வார்ப்படப் பட்டறையில் உருகிய இரும்பு உலைக்குள்ளேயே இறுக ஆரம்பித்துவிடும். திருப்பூர்ச் சாயப்பட்டறையில் துணி சாயத்தில் ஊறிக்கொண்டே நின்றுவிட்டால் நிறம் மாறிப்போகும், அந்த லாட்டு முழுக்க மறுபடி போட வேண்டும். பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் கரண்ட் இருக்கும், ஆனால் லோ வோல்டேஜ். மோட்டார் காயில் எரிந்து ரீவைண்டிங் கடைக்குப் போய்விடும்.

கரண்ட் சீராக வராததற்குக் காரணம் ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் விநியோகிக்க மின்சாரமே இல்லை. சில இடங்களில் மின்சாரம் இருக்கிறது, கொண்டுவரும் கம்பியும் டிரான்ஸ்பார்மரும் தாங்கவில்லை. இன்னும் சில இடங்களில் அனுப்பிய மின்சாரத்துக்குக் காசு திரும்பி வருவதில்லை, அதனால் எதையும் பராமரிக்க முடிவதில்லை. தனியார் எதைத் தீர்ப்பார், எதைத் தீர்க்க மாட்டார் என்பது இதைப் பொறுத்தது.

2008 தொடங்கி 2014 வரை நாம் பட்ட பாட்டை எடுத்துக்கொள்வோம். 2012-ல் சென்னையில் 2 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது இங்கே நாளுக்கு 12 மணி நேரத்தையும் தாண்டியது. ஆர்டரை முடிக்க டீசல் ஜெனரேட்டரில் ஓட்டி, லாபத்தை டீசலுக்கே கொடுத்த பட்டறைகள் எத்தனையோ. அப்போது விநியோகம் யார் கையில் இருந்திருந்தாலும் அந்த வெட்டு நின்றிருக்காது. கட்டிக்கொண்டிருந்த அனல்மின் நிலையங்கள் குறித்த காலத்தில் முடியவில்லை. காற்றாலைக் கரண்ட் மே முதல் செப்டம்பர் வரை கொட்டும், அப்புறம் இறங்கிவிடும். வெளிமாநிலத்தில் வாங்கலாமென்றால் கொண்டுவரப் போதுமான பாதை இல்லை. தென்மாநில மின்தொகுப்பு, ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாக நாட்டின் மற்றப் பகுதியோடு ஒத்திசைந்து இணைந்ததே 2013 டிசம்பர் 31-ல்தான். மேட்டூரில் புதிய 600 மெகாவாட் அலகு, வடசென்னை இரண்டாம் நிலை, வல்லூர், கூடங்குளம் முதல் அலகு எல்லாம் அந்த இரண்டு மூன்று வருஷத்தில் ஓடத் தொடங்கின. தனியார் நிலையங்களிடம் வாங்கியதும் உதவியது. ஆனால் பெரும்பகுதி வேலை அரசு நிறுவனங்கள் செய்தது. 2014 ஜூனில் தொழிற்சாலைகள் மீதான மின்கட்டுப்பாடு விலக்கப்பட்டது. வாரியத்தை விற்காமலேயே அது நடந்தது.

இதே கோளாறோடு தனியார்மயத்துக்குப் போன நாடு நைஜீரியா. 2013 நவம்பர் 1-ல் 11 விநியோக நிறுவனங்களிலும் 6 உற்பத்தி நிறுவனங்களிலும் பெரும்பாலானவற்றைத் தனியாரிடம் ஒப்படைத்தார்கள். நடுவில் இருக்கும் மின்பாதை மட்டும் அரசிடமே நின்றது. பத்து வருஷம் கழித்தும் 20 கோடிக்கு மேல் மக்கள் உள்ள அந்த நாட்டுக்கு ஏறக்குறைய 4,000 முதல் 5,000 மெகாவாட்தான் ஓடிக்கொண்டிருந்தது. 8 கோடிப் பேர் உள்ள தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே 2-ல் 20,830 மெகாவாட் போயிற்று என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். அங்கே நிலையங்களுக்கு எரிவாயு ஒழுங்காக வருவதில்லை, ஏனென்றால் எரிவாயுக்காரருக்குப் பாக்கி. பாக்கி ஏனென்றால் விநியோக நிறுவனங்களால் முழுதாக வசூலிக்க முடியவில்லை, செலவுக்கேற்ற கட்டணம் வைக்க அரசு விடவில்லை. மக்களோ, வராத கரண்டுக்கு ஏன் காசு கட்ட வேண்டும் என்கிறார்கள். 2024-ல் மட்டும் பத்துத் தடவைக்கு மேல் நாட்டின் மின்தொகுப்பே விழுந்தது. முதலாளி மாறினார், சங்கிலி அறுந்த இடம் மாறவில்லை.

தனியார் ஜெயித்த இடங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். முதலில் டெல்லி. 2002 ஜூலையில் டெல்லி மின்வாரியத்தைப் பிரித்து, 51 சதவீதப் பங்கோடு மூன்று விநியோக நிறுவனங்களைத் தனியாரிடம் கொடுத்தார்கள். ஒன்று டாடா, மற்ற இரண்டும் இன்றைய ரிலையன்ஸ் குழுமத்தின் பிஎஸ்இஎஸ். அப்போது அனுப்பிய மின்சாரத்தில் பாதிக்கு மேல் திருட்டிலும் வசூலாகாமலும் போய்க்கொண்டிருந்தது. இப்போது அது 10 சதவீதத்துக்குள். வெற்றுக் கம்பியில் கொக்கி போட்டு எடுக்க முடியாதபடி உறையிட்ட கேபிள் இழுத்தார்கள், மீட்டரை மாற்றினார்கள், பெரிய டிரான்ஸ்பார்மருக்குப் பதில் சின்னச் சின்னதாக வைத்தார்கள். கரண்ட் உண்மையிலேயே சீரானது. அதை மறுப்பது வீம்பு.

ஆனால் டெல்லிக் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. முதல் ஐந்து வருஷத்துக்கு அரசு 3,450 கோடி ரூபாய் கைகொடுத்துத்தான் மாற்றத்தை நடத்தியது. பிறகு கட்டணத்தை ஏற்றாமல் ஒழுங்குமுறை ஆணையம் தள்ளிப்போட்டதால், நிறுவனங்களுக்குச் சேர வேண்டிய பாக்கி 27,000 கோடிக்கும் மேல் சேர்ந்துவிட்டது. இப்படித் தேங்கிய பாக்கிகளைக் காலக்கெடு வைத்துத் தீர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அதைக் கட்டப் போவது நுகர்வோர்தான். தனியாரிடம் கொடுத்தால் அரசுக்குச் செலவு விட்டது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தனியார் வந்தால் இலவசம் போய்விடும் என்பவர்களும் டெல்லியைப் பார்க்கலாம். 2019 முதல் அங்கே மாதம் 200 யூனிட் வரை வீட்டுக்கு இலவசம், அரசு அந்தக் காசைத் தனியார் நிறுவனங்களுக்குக் கட்டுகிறது.

நமக்கு டெல்லியைவிட நெருக்கமானது பிவண்டி. மும்பைக்குப் பக்கத்து விசைத்தறி ஊர், நம் பல்லடம், சோமனூரின் வடக்கத்திப் பங்காளி என்றே சொல்லலாம். அங்கே விற்கவில்லை. உரிமம் மகாராஷ்டிர அரசு நிறுவனத்திடமே இருக்க, ஊரை மட்டும் 2007 ஜனவரியில் டோரண்ட் நிறுவனத்துக்குக் குத்தகை போல விட்டார்கள். அங்கேயும் அனுப்பிய மின்சாரத்தில் பாதிக்கு மேல் நஷ்டம், அது சில வருஷத்தில் 20 சதவீதத்தையொட்டி வந்துவிட்டது. மீட்டர் வேகமாக ஓடுகிறது, பில் கூடிவிட்டது என்று தறிக்காரர்கள் தெருவுக்கு வந்து போராடியதும் நடந்தது. இதைப் பார்த்து அதே மாநிலத்தில் ஔரங்காபாத்தையும் நாக்பூரையும் வேறு நிறுவனங்களிடம் விட்டார்கள். ஔரங்காபாத் 2014-லும் நாக்பூர் 2019-லும் அரசு நிறுவனத்திடமே திரும்பிவிட்டன. ஒரே முறை, ஒரே மாநிலம், ஒப்பந்தம் எடுத்தவர் வேறு.

ஒடிசா இரண்டு தடவை தனியாரிடம் கொடுத்துப் பார்த்த மாநிலம். 1999-ல் நான்கு விநியோகப் பகுதிகளையும் கொடுத்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் பெரும்புயல் வந்து கம்பங்களைச் சாய்த்தது. மத்தியப் பகுதியை எடுத்த அமெரிக்க நிறுவனமான ஏஇஎஸ் 2001-லேயே கிளம்பிவிட்டது. மற்ற மூன்றின் உரிமத்தையும் 2015-ல் ஆணையம் ரத்து செய்தது. 2020, 2021-ல் டாடா வந்து நான்கையும் எடுத்தது, இந்த முறை மின்னிழப்பு இறங்கி வருகிறது. இரண்டு முயற்சிகளுக்கும் இடையில் ஏறத்தாழ இருபது வருஷம். அந்த இருபது வருஷமும் இருட்டில் இருந்தவர்களுக்கு யாரும் நஷ்டஈடு தரவில்லை.

இப்போது குஜராத்துக்கு வருவோம். தனியார்தான் வழி என்பவர்கள் அடிக்கடி பெயர் சொல்லும் மாநிலம். அகமதாபாத்திலும் சூரத்திலும் டோரண்ட் நன்றாகத்தான் நடத்துகிறது. ஆனால் மற்ற ஊர்களுக்கெல்லாம் கரண்ட் தருகிற நான்கு நிறுவனங்களும் அரசுடையவை, நாட்டின் தரவரிசையில் அவை முன்வரிசையில் நிற்கின்றன. அங்கே செய்த பெரிய காரியம் 2003-ல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டம். கிராமத்து வீடுகளுக்கும் கிணற்று மோட்டார்களுக்கும் தனித்தனி லைன் போட்டார்கள். வீட்டுக்கும் சிறுதொழிலுக்கும் 24 மணி நேரம், மோட்டாருக்கு நல்ல வோல்டேஜில் 8 மணி நேரம். விற்பனைப் பத்திரம் ஏதும் எழுதாமலேயே கிராமத்தில் தையல் மிஷினும் மாவு மில்லும் நிற்காமல் ஓடின. குஜராத் விவசாயிகளுக்கு அந்த 8 மணி நேரக் கட்டுப்பாட்டில் மனக்குறை உண்டு. ஆனாலும் நம் கிராமங்களுக்கு வேண்டியது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஏனென்றால் கொங்கு கிராமங்களில் பல லைன்கள் கலப்பு லைன்கள். ஒரே பீடரில் (துணை மின்நிலையத்திலிருந்து வரும் லைனில்) வீடு, தறிக்குடோன், கோழிப்பண்ணை, கிணற்று மோட்டார் எல்லாம் இருக்கும். த்ரீ பேஸ் வந்ததும் அந்தப் பக்கத்து மோட்டார்கள் அத்தனையும் சேர்ந்து ஓடும், தறியின் வோல்டேஜ் இறங்கும். இதற்குத் திருட்டைப் பிடிக்கும் ஆள் தேவையில்லை. இன்னொரு லைனும், இன்னொரு டிரான்ஸ்பார்மரும், கூப்பிட்டால் வருகிற லைன்மேனும் தேவை. வாரியத்தில் களப்பணியிடங்கள் பல்லாயிரக்கணக்கில் காலியாகக் கிடக்கின்றன. பியூஸ் போடவும் மரக்கிளை வெட்டவும் ஒப்பந்த ஆள்களை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இருக்கிற கொஞ்சம் பேர் மழையில் கம்பத்தில் ஏறி உயிரைப் பணயம் வைக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் மின்னிழப்பு, கணக்கின்படி 10 முதல் 15 சதவீதத்துக்குள்தான். இதில் ஒரு சந்தேகத்துக்கு இடமுண்டு: 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை, அங்கே போகும் யூனிட் மதிப்பீடுதான். உண்மையான இழப்பு அதற்குள் ஒளிந்திருக்கலாம். அப்படியே இருந்தாலும் டெல்லி, பிவண்டியில் போல பாதி மின்சாரம் இங்கே காணாமல் போகவில்லை. இழப்பைக் குறைத்து அதில் லாபம் பார்ப்பதுதான் தனியார் விநியோகத்தின் வியாபாரம். இழப்பே குறைவான இடத்தில் அந்த லாபம் எங்கிருந்து வரும்? கட்டணத்திலிருந்தோ, ஆள்குறைப்பிலிருந்தோதான் வர வேண்டும்.

2022-ல் நாடாளுமன்றத்தில் வைத்த மின்சாரச் சட்டத் திருத்த மசோதா சொன்ன வழி வேறு: ஒரே ஊரில் பல நிறுவனங்கள், ஒரே கம்பி, யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. போட்டிக்கு வருகிறவர் அவிநாசி ரோட்டுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் வருவார். காங்கேயத்து மேட்டுக்காட்டுக் கிணறுகளுக்கு யார் வருவார்? உயரழுத்தத் தொழிற்சாலைகள் கூடுதலாகக் கட்டுகிற காசில்தான் மற்றவர்களுக்கான குறைந்த கட்டணம் நிற்கிறது. அவர்கள் போய்விட்டால் வாரியத்திடம் செலவு மட்டும் மிஞ்சும். இதில் பாதி ஏற்கெனவே நடந்துவிட்டது. நம் நூற்பாலைகள் உடுமலை, பல்லடம் பக்கமும் தெற்கேயும் சொந்தமாகவும் கூட்டாகவும் காற்றாலை போட்டு, வாரியத்துக் கம்பியில் கொண்டுவந்து ஓட்டுகின்றன. பணமுள்ளவருக்கு அது நல்ல வழி. பத்துத் தறி வைத்திருக்கிறவருக்கு அந்த வழி கிடையாது.

விவசாயிகளின் பயத்தை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. மின்கட்டணத்தில் ஒரு பைசா குறைக்கக் கேட்ட போராட்டத்தில், 1970 ஜூன் 19-ல் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு 3 விவசாயிகள் இறந்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவைக்குள் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இலவச மின்சாரம் அந்த வழியாக வந்தது, அதை விட்டுக்கொடுக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. விசைத்தறிக்கு 2023 முதல் இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் என்பதும் கூலித்தறிக்காரரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் மோட்டாருக்கு மீட்டர் வைப்பதை எதிர்ப்பது நமக்கே கெடுதல். பில் போடாமல் மீட்டர் மட்டும் வைக்கலாம், டிரான்ஸ்பார்மரிலாவது வைக்கலாம். எந்த லைனில் எவ்வளவு போகிறதென்று தெரியாமல் எங்கே புது டிரான்ஸ்பார்மர் வேண்டுமென்று எப்படி முடிவெடுப்பார்கள்?

ஆகவே என் ஓட்டு விற்பதற்கு இல்லை. இப்போதிருக்கிறபடியே விட்டுவிடுவதற்கும் இல்லை. வாரியத்தின் கடன் ஒரு லட்சம் கோடியைத் தாண்டிப் பல வருஷம் ஆகிவிட்டது. 2014-க்கும் 2022-க்கும் இடையில் கட்டணத்தைத் தொடாமலே வைத்துவிட்டு ஒரேயடியாக ஏற்றியதில் சிறுதொழில்கள் மூச்சுத் திணறின. நிலைக்கட்டணம், பீக் ஹவர் கட்டணம் இரண்டையும் எதிர்த்து 2023 செப்டம்பரில் பட்டறைகளை அடைத்துப் போராடினோம். கிணற்று லைனைப் பிரிப்பது, காலியிடங்களை நிரப்புவது, பீடர் வாரியாக எத்தனை தடவை எத்தனை நிமிஷம் நின்றது என்று மாதாமாதம் வெளியிடுவது: இந்த மூன்றையும் தொழில் அமைப்புகளும் விவசாயச் சங்கங்களும் சேர்ந்து கேட்க வேண்டும். கூடவே இன்னொன்று. அரசு சலுகை அறிவித்தால் அதற்கான பணத்தை முன்கூட்டியே விநியோகிப்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2003 மின்சாரச் சட்டத்தின் 65-ம் பிரிவு சொல்கிறது. விநியோகிப்பவர் வாரியமாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும் அந்தப் பிரிவு பொருந்தும். அரசு எந்தக் காலாண்டில் எவ்வளவு கட்டியது என்ற கணக்கையும் அந்த மாதாந்திர வெளியீட்டிலேயே சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.