லேசர் செய்து மூன்று வருடம்: பஸ் போர்டு தெரிகிறது, ஊசிக்காது தெரியவில்லை

கும்பகோணத்தில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து சோடாபுட்டிக் கண்ணாடி. கடைசியாக இருந்த பவர் வலது கண் மைனஸ் 5.5, இடது மைனஸ் 6. 2022 ஜூலையில், 39 வயதில், திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு கண்ணுக்கும் லாசிக் (கண்ணாடிப் பவர் போக, கருவிழியை லேசரால் சீவிச் சரிசெய்யும் ஆபரேஷன்) செய்துகொண்டேன். குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை.

முதல் நாள் முழுக்க டெஸ்ட்தான். என் கருவிழியின் தடிமன் 532 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மேலே மூடி மாதிரி திறப்பதற்கு 110, அப்புறம் ஒரு பவருக்குச் சுமார் 15 வீதம் சீவ வேண்டும், அதெல்லாம் போக அடியில் 250க்குக் குறையாமல் நிற்க வேண்டும் என்று டாக்டர் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். பின்னால் பிரித்து விட உள்ளே துணி இருக்கிறதா என்று பார்ப்போமே, அதே கணக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்ணுக்குக் கருவிழி கூம்பு மாதிரி துருத்தத் தொடங்கியிருக்கிறது, லேசர் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அழுதுகொண்டே போனாள். பாவமாக இருந்தது. ஆனால் எனக்கு அந்த இடத்தின் மேல் நம்பிக்கை வந்ததும் அப்போதுதான்.

ஆபரேஷன் வலிக்கவில்லை. மரத்துப்போகச் சொட்டு விட்டு, இமை மூடாமல் ஒரு கிளிப் மாட்டினார்கள். வளையம் வைத்து அழுத்தியபோது சில நொடி பார்வை சுத்தமாக இருண்டது. இதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், பதறிவிட்டேன். பிறகு பச்சை விளக்கையே பார்க்கச் சொன்னார்கள். டக்டக்கென்று சத்தம், முடி கருகுகிற மாதிரி வாடை. பிசிக்ஸ் படிக்கும் என் மகள், "அது கருகலம்மா, புற ஊதாக்கதிர் சூடே ஏத்தாம சீவுது" என்றாள். மெட்ராஸில் பிறந்த ஸ்ரீனிவாசன் என்ற விஞ்ஞானி, 1981இல் அமெரிக்காவில் ஐபிஎம் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தபோது, விருந்தில் மிஞ்சிய வான்கோழிக் கறியில் இந்த லேசரைப் பாய்ச்சிப் பார்த்தாராம். கறி கருகாமல் சுத்தமாக வெட்டுப்பட்டதாம்.

அன்று சாயங்காலம் வரை கண்ணில் மிளகாய்த்தூள் போட்ட எரிச்சல். தூங்கி எழுந்தால் எல்லாம் தெரிகிறது. குளியலறை மூலையில் இருந்த பாசியும் தெரிந்தது. இத்தனை வருடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தானே குளித்தேன்! பஸ் போர்டைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பது அன்றோடு நின்றது. தூரத்தில் இருப்பது தெரிவதில் குறையே சொல்ல முடியாது, இன்று வரை பவர் திரும்பவில்லை.

கண் வறட்சி ஆறு மாதம் படுத்தியது. மூடியை வெட்டும்போது கருவிழியின் நரம்புகளும் அறுபடுவதால் கண்ணீர் சரியாகச் சுரக்காதாம். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு ஒரு நாளைக்கு நான்கு முறை விட்டேன், மிஷினில் உட்கார்ந்தால் ஐந்தாவது முறையும். இரவில் எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு முள் முள்ளாக விரிந்தது. அது தானாகக் குறைந்துவிட்டது.

என் வருத்தம் வேறு. மைனஸ் பவர்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு: கண்ணாடியைக் கழற்றிவிட்டால் ஒரு சாண் தூரத்தில் இருப்பது அச்சாகத் தெரியும். நான் ஊசி கோத்தது, கொக்கி வைத்தது எல்லாம் அப்படித்தான். லேசர் அந்த வசதியையும் சேர்த்துச் சீவிவிட்டது. போன தீபாவளிச் சீசனில் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும்போது தையலே தெரியவில்லை. பயந்துபோய்த் திருச்சிக்கு ஓடினேன். "கண்ணுக்கு ஒண்ணும் ஆகலம்மா, இது வெள்ளெழுத்து. நாற்பதுக்கு மேல எல்லாருக்கும் வரும், லேசர் அதைத் தடுக்காது" என்றார் டாக்டர். சரி. ஆனால் பணம் கட்டச் சொன்ன, ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் பெண் "இனிமே கண்ணாடியே வேண்டாம்" என்றுதானே சொன்னாள்? 39 வயதில் தையல் வேலை செய்கிறவளிடம் வெள்ளெழுத்து என்ற வார்த்தையே வரவில்லை. ஒரு கண்ணில் மட்டும் கொஞ்சம் மைனஸ் மிச்சம் வைத்து, கிட்டப் பார்க்க விட்டுவிடும் முறையும் இருக்கிறதாம். எல்லாருக்கும் ஒத்துவராது, கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பழகிப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். முன்னாலேயே சொல்லியிருந்தால் பழகிப் பார்த்திருப்பேன்.

விளம்பரத்தில் '25 ஆயிரம் முதல்' என்று இருந்தது. பிளேடு இல்லாமல் மூடி திறக்கும் முறைக்கு இரண்டு கண்ணுக்கும் 74 ஆயிரம் ஆனது, டெஸ்டும் மருந்தும் தனி. இன்சூரன்ஸில் ஒரு பைசா வரவில்லை. 7.5 பவருக்குக் கீழே இருந்தால் தர மாட்டார்களாம்.

இருபது, இருபத்தைந்து வயதில், பவர் ஏறாமல் நின்றுவிட்டவர்கள் கேட்டால் போய்ச் செய்துகொள்ளுங்கள் என்பேன். என் வயதுக்காரர்கள், அதிலும் கிட்டத்தில் பார்த்துச் செய்யும் வேலையை நம்பிப் பிழைப்பவர்கள், முதலில் வெள்ளெழுத்தைப் பற்றி டாக்டரிடமே கேளுங்கள், கவுன்சிலரிடம் அல்ல. இன்னொன்று: பவர் போனாலும் மைனஸ்காரர்களின் கண் உள்ளே நீளமாகத்தான் இருக்கும், விழித்திரை மெலிந்து கிழியும் ஆபத்து அப்படியே இருக்கிறது. வருடா வருடம் டாக்டரிடம் போய், கண்மணி விரியச் சொட்டு விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். போன வருடம் நான் தள்ளிப்போட்டுவிட்டேன், ஆடித் தள்ளுபடிக் கூட்டம் முடிந்ததும் போக வேண்டும்.