7 மாதம், 27 டப்பா: பசும்பால் ஆகாத என் பிள்ளைக்கு வாங்கிய பவுடர்

என் மகனுக்கு இப்போது 13 மாதம். ஐந்தரை மாதத்தில் தொடங்கி இன்றுவரை தாய்ப்பாலோடு சேர்த்து அவனுக்குக் கொடுத்து வருவது, பசும்பால் புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்துத் தயாரிக்கும் ஒரு பவுடர். திருச்சியில் நாங்கள் வாங்கும் மெடிக்கலில் இதற்கு "அலர்ஜி பால்" என்றுதான் பெயர். 400 கிராம் டப்பா, இதுவரை 27 ஆகிவிட்டது. பிள்ளைக்குத் தோலில் கரப்பான் (எக்ஸிமா) வந்து, ராத்திரி இரண்டு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் யாரோ இதைத் தேடுவார்கள் என்று தெரியும், நானும் அப்படித் தேடியவள்தான், அதனால் நல்லது கெட்டது இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

கம்பெனி பெயரை எழுதவில்லை. குழந்தைகளுக்கான பால் பவுடருக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று நம் நாட்டில் 1992 முதல் சட்டம் இருக்கிறது, அது நல்ல சட்டம் என்று நினைப்பவள் நான். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்கு இந்த டப்பா பெரும்பாலும் தேவைப்படாது. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பசும்பால்தான் காரணம் என்று டாக்டர் சந்தேகப்பட்டால் அம்மாவைத்தான் சில வாரம் பால், தயிர், மோர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார்கள், கால்சியம் மாத்திரையும் கூடவே தருவார்கள்.

நான் தனியார் பள்ளியில் டீச்சர். நான்கு மாதம் முடிந்ததும் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. காலையிலும் இரவிலும் தாய்ப்பால், பகலில் சாதாரண பவுடர் பால், மாமியார் பாலாடையில் ஊட்டுவார். அதுவரை வழவழவென்று இருந்த கன்னம் இரண்டே வாரத்தில் சிவந்து சொரசொரப்பாகி, பிறகு வெடித்து நீர் கசிய ஆரம்பித்தது. நெற்றி, மணிக்கட்டு, கெண்டைக்கால் என்று பரவியது. ராத்திரியெல்லாம் என் தோளில் கன்னத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பான், காலையில் பார்த்தால் நைட்டியின் தோள்பட்டையில் மஞ்சளாக நீரும் நடுநடுவே ரத்தப் புள்ளியும் காய்ந்து கிடக்கும்.

எல்லோரும் அவரவருக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். பாசிப்பயறு மாவு, குப்பைமேனி, வேப்பிலைத் தண்ணீர். இதில் நாங்கள் உண்மையிலேயே ஏமாந்தது ஒரு மெடிக்கல் கடைக்காரர் "பால் ஒத்துக்கலைன்னா இதைக் கொடுங்க" என்று நீட்டிய லாக்டோஸ் இல்லாத பவுடரில்தான். பத்து நாள் கொடுத்தோம், ஒரு மாற்றமும் இல்லை. லாக்டோஸ் என்பது பாலில் இருக்கும் சர்க்கரை, அது செரிக்காவிட்டால் வயிறு உப்பும், பேதியாகும். பால் அலர்ஜியில் உடம்பு எதிர்ப்பது பாலின் புரதத்தை, அந்தப் புரதம் லாக்டோஸ் இல்லாத பவுடரில் அப்படியே முழுசாக இருக்கிறது. இரண்டுக்குமே நாம் "பால் ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஒரே வார்த்தையைச் சொல்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. ஆட்டுப்பால் கொடுக்கச் சொன்னவர்களும் உண்டு. பசும்பால் புரதம் ஆகாத பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு ஆட்டுப்பாலும் ஆகாது, இரண்டின் புரதமும் அவ்வளவு நெருக்கம். எருமைப்பாலும் அப்படித்தான். புரதத்தைப் பாதி மட்டும் உடைத்த பவுடர்களும் கடையில் இருக்கின்றன, அவையும் இதற்கு உதவாது, டப்பாவைக் கையில் எடுக்கும்போது இதை டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நாங்கள் போன குழந்தைகள் டாக்டர் முதல் முறை பாலைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கரப்பான் வருகிற பிள்ளைகள் பலருக்குச் சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது, முதலில் தோலைச் சரியாகக் கவனியுங்கள் என்றார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது, இப்போது அது சரி என்று புரிகிறது. மாவு தேய்ப்பதை நிறுத்தச் சொல்லி, வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடத்துக்குள் குளிப்பாட்டி, ஈரம் முழுசாகக் காய்வதற்குள் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரை உடம்பு முழுக்கத் தடவச் சொன்னார், சிவந்த இடத்துக்கு மட்டும் லேசான ஸ்டீராய்டு களிம்பு. ஒரு வாரத்தில் பாதி அடங்கியது, களிம்பை நிறுத்திய ஐந்தாம் நாள் திரும்ப வந்தது. இப்படி மூன்று முறை ஆனது. மலத்திலும் சளி சளியாக வந்துகொண்டிருந்தது. பவுடர் தொடங்கிய தேதியையும் கன்னம் சிவந்த தேதியையும் நான் காலண்டரில் குறித்து வைத்திருந்தேன், அதைக் காட்டிய பிறகுதான் அவர் இந்தப் பவுடரை எழுதினார். நான்கு வாரம் கொடுத்துப் பார்ப்போம், தாய்ப்பால் மட்டும் குடித்தபோது சரியாக இருந்ததால் நீங்கள் உங்கள் சாப்பாட்டை மாற்ற வேண்டாம் என்றும் சொன்னார்.

சரி, பவுடருக்கு வருகிறேன். டப்பாவைத் திறந்ததும் வருவது பால் வாசனை கிடையாது. வைட்டமின் மாத்திரை பாட்டிலைத் திறந்தால் வருமே, அதோடு கொஞ்சம் புளித்த மாவைச் சேர்த்த மாதிரி ஒரு வாடை. நாக்கில் வைத்துப் பார்த்தேன், கசப்பு, பின்னாலேயே ஒரு பிசுபிசுப்பு. புரதத்தை உடைத்தால் ருசி அப்படித்தான் மாறுமாம். ஐந்தரை மாதப் பிள்ளைக்கு ருசி தெரிகிறது, முதல் பாலாடையிலேயே உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான், மாமியாரின் புடவையெல்லாம் பால். மூன்று நாள் பட்டினி போட்டதுபோலவே மனசு அடித்துக்கொண்டது. கடைசியில் கை கொடுத்தது தாய்ப்பாலைப் பீய்ச்சி அதில் கலந்தது: தனியாகக் கரைத்த பவுடர் பால் ஒரு பங்கு, தாய்ப்பால் இரண்டு பங்கு என்று தொடங்கி ஐந்தாறு நாளில் முழுசாக மாற்றினோம். இன்னும் சின்ன வயதில் தொடங்கினால் பிள்ளைகள் இவ்வளவு முரண்டு பிடிப்பதில்லை என்று டாக்டர் சொன்னார்.

குலுக்கிக் கலந்தால் நுரை தள்ளும், கரண்டியால் மெதுவாகக் கலக்குவது நல்லது. இன்னொன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், மலம் கரும்பச்சையாகப் போகும். முதல் தடவை பார்த்தபோது வீட்டில் எல்லோரும் பதறி, டயப்பரோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இந்தப் பவுடருக்கு அது சாதாரணமாம்.

முதல் வாரம் தோலில் எதுவுமே தெரியவில்லை, பணம்தான் போகிறது என்று நினைத்தேன். 12ஆம் நாள் இரவு அவன் நான்கு மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கினான். நான் பயந்து மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தேன். நான்காவது வாரக் கடைசியில் கன்னத்தில் சிவப்பு போய், வெளிறிய திட்டு மட்டும் மிச்சம். மலத்தில் சளியும் நின்றது.

அப்போது டாக்டர் பழைய சாதாரண பவுடரைத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள் என்றார். என் கணவர் முடியவே முடியாது என்று எழுந்துவிட்டார். ஆனால் இதைச் செய்யாமல் விட்டால் பவுடரால் சரியானதா, தானாக அடங்கியதா என்று ஒருபோதும் தெரியாது, தேவையில்லாமல் வருஷக்கணக்கில் பிள்ளைக்குப் பாலை நிறுத்தி வைப்பதும் கெடுதல்தான் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். அவர் எழுதிக் கொடுத்தபடி முதல் நாள் ஒரு வேளைப் பாலில் ஒரு கரண்டி மட்டும் பழைய பவுடர், பிறகு தினமும் ஒரு கரண்டி கூட்டி. மூன்றாம் நாள் சாயங்காலம் இடது காது ஓரத்தில் காசளவு சிவப்பு. நான்காம் நாள் இரண்டு கன்னமும். நிறுத்தினோம், அடங்க ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் அழுதேன், ஆனால் அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் என்பதே இல்லை. இதை எல்லோரும் வீட்டில் செய்யலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பால் குடித்த சில நிமிடத்தில் தடிப்பு, முகம் உதடு வீக்கம், மூச்சு இரைப்பு வருகிற பிள்ளைகள் வேறு ரகம், அவர்களுக்கு ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். என் மகனுக்கு வந்தது தாமதமாக வருகிற வகை, அதற்கு ரத்தப் பரிசோதனையில்கூட ஒன்றும் தெரியாமல் போகும். இருநூறு சாப்பாட்டுப் பொருளுக்கு ஒரே ரத்தத்தில் டெஸ்ட் எடுத்துத் தருகிறோம் என்று ஒரு லேப் எங்களைக் கூப்பிட்டது, டாக்டர் வேண்டாம் என்று தடுத்தார். அவருக்கு நன்றி.

விலைதான் பெரிய குறை. சாதாரண பவுடரைவிட மூன்று மடங்குக்கு மேல். எங்களுக்கு மாதம் நான்கு டப்பா போகிறது, வண்டி வாங்கப் போட்ட சீட்டைத்தான் இதற்கு எடுத்தோம். எல்லாக் கடையிலும் கிடைக்காது, ஒரு வாரம் முன்னாடியே சொல்லி வைக்க வேண்டும், தீபாவளி வாரத்தில் இரண்டு நாள் கிடைக்காமல் தஞ்சாவூரில் இருந்து என் தம்பி பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தான். திறந்த டப்பாவை டப்பாவில் போட்டிருக்கும் வாரங்களுக்குள் முடித்துவிட வேண்டும், எனவே தள்ளுபடி என்று ஒரேயடியாக வாங்கித் திறந்து வைக்காதீர்கள்.

பவுடர் வந்துவிட்டது, இனி தோலில் தடவுவது எதற்கு என்று நான் ஒரு தடவை மாய்ஸ்சரைசரை விட்டேன். பத்தே நாளில் முழங்கை மடிப்பில் திரும்பிவிட்டது. பால் ஒரு தூண்டுதல்தான், தோல் வறண்டு போகிற சுபாவம் அவனோடுதான் இருக்கிறது. இப்போது தினமும் இரண்டு வேளை மாய்ஸ்சரைசர் தடவுகிறேன், வாரத்துக்கு 100 கிராமுக்குக் குறையாமல் தீர்ந்துபோகும். அக்னி நட்சத்திர வெயிலில் கெட்டியான ஆயின்மெண்ட் வேர்க்குருவைக் கிளப்பியது, பகலுக்கு லேசான க்ரீம், இரவுக்குக் கெட்டியானது என்று மாற்றிக்கொண்டோம். ஸ்டீராய்டு என்றதும் பயந்து மிளகளவு எடுத்துப் பூசியதும் என் தப்பு. பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அது பெரியவரின் இரண்டு கை (உள்ளங்கையும் விரல்களும் சேர்த்து) அளவு இடத்துக்கு வரும், அதுதான் கணக்கு. டாக்டர் சொன்ன நாள்வரை பூசினால்தான் அடங்கும்.

திட உணவு தொடங்கியபோது வேறு விதமான தொல்லை. ரஸ்க், பிரெட், பிஸ்கெட் பலவற்றில் பால் பொருள் இருக்கிறது, பாக்கெட்டின் பின்னால் ஒவ்வாமைக் குறிப்பில் பால் என்று இருந்தால் கீழே வைத்துவிடுவேன். கேழ்வரகுக் கூழ் நன்றாகப் பிடித்துக்கொண்டான், கால்சியத்துக்கும் அது நல்லது. சோறூட்டும் நாளில் கோயில் சர்க்கரைப் பொங்கலில் நெய் இருக்குமே என்று நான் தயங்கி நின்றபோது, மாமியார் விடியற்காலையில் எழுந்து தேங்காய்ப் பால் விட்டு ஒரு கிண்ணம் பொங்கல் தனியாகக் கிண்டி, சம்புடத்தில் மூடிக் கொண்டுவந்திருந்தார். "அவனுக்கு இதுதான் சாமி பிரசாதம், வேற யாரும் வாயில வைக்கக் கூடாது" என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் நான்கு கொடுப்பேன், அந்த ஒன்று விலைக்கும் வாடைக்கும் குறைத்தது. பசும்பால்தான் காரணம் என்று நிறுத்தியும் திரும்பக் கொடுத்தும் பார்த்து உறுதியான பிள்ளைக்கு வாங்கலாம். கன்னம் சிவந்திருக்கிறதே என்று நேராகக் கடைக்குப் போய் வாங்காதீர்கள். சில பிள்ளைகளுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல், இன்னும் முழுசாக உடைத்த அமினோ அமில பவுடருக்குப் போக வேண்டியிருக்கும், அது இதைவிட விலை.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது வளர வளரச் சரியாகிவிடும். எங்கள் டாக்டர் இப்போது மாவோடு சேர்ந்து நன்றாக வெந்த பாலில் இருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறார், பால் சேர்ந்த பிஸ்கெட்டில் சின்னத் துண்டு. நேற்று நான்காம் நாள், கால் பிஸ்கெட் சாப்பிட்டான். இன்று காலை விளக்கைப் போட்டு இரண்டு கன்னத்தையும் காது ஓரத்தையும் தடவிப் பார்த்தேன், வழவழப்பாகத்தான் இருக்கிறது. 28ஆவது டப்பாவை எதற்கும் மெடிக்கலில் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.