மஞ்சக்குப்பத்தில் மூன்று வாரம்: அம்மாவின் நடையும் நாடியும்

சிங்கப்பூரிலிருந்து மூன்று வாரம் லீவு போட்டுக் கடலூர் மஞ்சக்குப்பத்துக்குப் போனது அம்மாவுக்காகத்தான். மாசியில் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் ஓரளவு திரும்பிவிட்டது. கைதான் இன்னும் தம்ளரைப் பிடிக்க மறுக்கிறது. எல்லாம் அண்ணிதான் பார்த்துக்கொள்கிறார். பிசியோவுக்குக் கூட்டிப்போகும் அலைச்சலையாவது நான் ஏற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

முதல் நாள் ஊருக்குள் ஒரு தனியார் சென்டர். ஒரு தடவைக்கு 400 ரூபாய். தோளில் கரண்ட் வைத்தார்கள், விரல்களை மெழுகில் முக்கினார்கள், அப்புறம் ட்ரெட்மில். அங்கிருந்த பையன் சுவரில் ஒட்டிய அட்டவணையைக் காட்டினான். "220-ல வயசைக் கழிச்சா நாடியோட உச்சம். அம்மாவுக்கு 67, அப்ப 153. அதுல முக்கால்வாசி, 115 வரைக்கும் நாடி ஏறணும்." மெஷினில் நாடி 88-ஐத் தாண்டவே இல்லை. அதனால் வேகத்தைக் கூட்டினான். நாலாவது நிமிடம் அம்மா வெளுத்துப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கிறுகிறுன்னு வருதுடி" என்றார். பி.பி. பார்க்கும் கருவியைத் தேடி எடுக்கவே பத்து நிமிடம் ஆயிற்று. சண்டை போடத் தோன்றியது, போடவில்லை. மறுநாள் அங்கே போகவும் இல்லை.

தெரிந்தவர் சொல்லி, வீட்டுக்கு வந்து பார்க்கும் ஒரு பிசியோ பெண்ணைப் பிடித்தோம். அவர் கையைத் தொடுவதற்கு முன் மாத்திரைப் பையைத்தான் வாங்கிப் பார்த்தார். மெட்டோபுரோலால் இருந்தது. இதயம் ஓட நினைத்தாலும் கடிவாளம் பிடித்து நிறுத்தும் மாத்திரை அது. அதைச் சாப்பிடுகிறவரிடம் 115 வரவில்லையே என்று விரட்டினால் உடம்பு தாங்குமா? சரி, மாத்திரையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அந்தக் கணக்கு பெண்களுக்கு அவ்வளவு பொருந்தாதாம். சிகாகோவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பரிசோதித்து 2010-இல் வேறொரு கணக்கு சொன்னார்கள்: வயதை 0.88-ஆல் பெருக்கி 206-இல் கழிக்க வேண்டும். அம்மாவுக்கு 147 வருகிறது.

எனக்குப் புதிதாக இருந்தது இன்னொன்று. பக்கவாதம் கை காலோடு நிற்பதில்லை. இதயத்தை முடுக்கும் நரம்பும் அடக்கும் நரம்பும் மூளையின் பிடியில்தான் இருக்கின்றன. அடி விழுந்த இடத்தைப் பொறுத்து அந்தப் பிடி தளர்ந்துபோகும். எழுந்தால் கிறுகிறுப்பு, நடந்தால் தேவையான அளவுக்கு நாடி ஏறாது, உட்கார்ந்தாலும் சட்டென்று இறங்காது. இதை முன்பே யாராவது அண்ணியிடம் சொல்லியிருந்தால், காலையில் அம்மாவைப் படுக்கையிலிருந்து ஒரே தூக்காகத் தூக்கி நிறுத்தியிருக்க மாட்டார்.

பிசியோ ஒரு தாளில் 6 முதல் 20 வரை எழுதிச் சுவரில் ஒட்டினார். சிரமத்தை அளக்க போர்க் என்ற சுவீடன்காரர் வகுத்த அளவு. ஏன் 6-இல் தொடங்குகிறது என்று கேட்டேன். பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய இளவயதுக்காரரின் நாடிக் கணக்கு வருமாம். சும்மா இருந்தால் 60, உயிரைக் கொடுத்து ஓடினால் 200. அம்மா மெஷினைப் பார்க்க வேண்டாம், தன் சிரமத்துக்குத் தானே மதிப்பெண் போட்டால் போதும். 11-க்கும் 14-க்கும் நடுவில் இருக்க வேண்டும். "பேச்சு வரணும்மா, பாட்டு வரக் கூடாது." நெஞ்சு வலித்தாலோ படபடத்தாலோ அதோடு நிறுத்திவிட வேண்டும்.

நடப்பது எங்கே என்பதில்தான் பெரிய இழுபறி. "நாள் முழுக்க அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடக்கிறேனே, அது போதாதா?" என்பது அம்மாவின் கட்சி. கம்பு ஊன்றித் தெருவில் நடக்க வெட்கம் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடைசியில் விடிந்தும் விடியாமலும் ஆட்டோ பிடித்து சில்வர் பீச் போனோம், உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு. மணலில் கால் புதையும் என்பதால் சாலையோரமாகவே நடை. ஐந்து நிமிடம் நடை, ஓய்வு, மறுபடி ஐந்து நிமிடம். உட்கார்ந்ததும் கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி, ஒரு நிமிடத்தில் நாடி எவ்வளவு இறங்குகிறது என்று குறித்தேன். 12-க்கு மேல் இறங்கினால் நல்லதாம். முதல் வாரம் 6, 7 என்று இருந்தது. நான் கிளம்பும்போது 10, 11. மழை பெய்த இரண்டு நாளும் வீட்டு வராந்தாவிலேயே முடித்துக்கொண்டோம்.

மக்களைத் தேடி மருத்துவம் பற்றியும் சொல்ல வேண்டும். 2021-இல் தொடங்கிய திட்டம். பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. நடமாட முடியாதவர்களுக்கு பிசியோவும் உண்டு. அம்மா பெயரைப் பதிந்தாயிற்று. வரும் பெண் உரிமையோடு திண்ணையில் உட்கார்ந்து மோர் கேட்டு வாங்கிக் குடிக்கிறார். பாகூர்ச் சித்திக்குத்தான் பொறாமை. கூப்பிடு தூரம் என்றாலும் அது புதுச்சேரி, இது தமிழ்நாட்டுத் திட்டம்.

திரும்பி வந்த பிறகு, அம்மா நடக்கிற நேரம் பார்த்து போன் போடுகிறேன். பேச்சு அறுந்து அறுந்து வந்தால் உட்காரச் சொல்கிறேன். நேற்று தேங்காய் விலையில் ஆரம்பித்து அண்ணியின் சாம்பார் வரைக்கும் குறை சொல்லிக்கொண்டே எட்டு நிமிடம் நிற்காமல் நடந்தார்.