"ஒப்பந்தம் எல்லாம் இல்லை அண்ணா": உப்புவெளியில் மூன்று மாத இன்டர்நெட்டுக்கு நான் கட்டிய காசு

மனைவிக்குத் திருகோணமலையில் மூன்று மாதப் பயிற்சி. மே முதல் ஜூலை வரை உப்புவெளியில் ஒரு மேல்மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தோம். எனக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை. நாளுக்கு மூன்று மணி நேரமாவது வீடியோவில் கதைக்க வேண்டும். அதனால் வாடகை பேசும்போதே இன்டர்நெட் இருக்கிறதா என்று கேட்டேன். "பைபர் லைன் இருக்குத் தம்பி" என்றார் வீட்டுக்கார அன்ரி. பொய் சொல்லவில்லை. லைன் இருந்தது, சுவரில் பெட்டியும் இருந்தது. முன்பு குடியிருந்தவர் பில் கட்டாமல் போனதால் இணைப்புத்தான் இல்லை.

சரி, சிம் போடும் ரவுட்டர் ஒன்று எடுப்போம் என்று ரவுணில் ஒரு கடைக்குப் போனேன். மூன்று மாதம்தான் இருப்பேன் என்று இரண்டு தடவை சொன்னேன். "ஒப்பந்தம் எல்லாம் இல்லை அண்ணா, பாவிச்சிட்டுக் கொண்டு வந்து தாங்க, டெபாசிட் திரும்பக் கிடைக்கும்" என்றார் கடையில் நின்ற தம்பி. அங்கேயே வேகம் போட்டுக் காட்டினார்: 38 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 38 மெகாபிட். அடையாள அட்டையைக் கொடுத்து, ஆங்கிலப் படிவத்தில் அவர் பென்சிலால் புள்ளடி போட்ட மூன்று இடத்திலும் கையெழுத்து வைத்தேன். 10,000 ரூபாய் கட்டினேன். பத்து வருடமாகக் கணக்கு எழுதுகிறவன், அந்தப் பற்றுச்சீட்டை வாசிக்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது.

முதல் அடி பன்னிரண்டாம் நாள் விழுந்தது. 100 ஜிபி என்று விற்ற டேட்டாவில் 60 ஜிபி நள்ளிரவுக்குப் பிறகு காலை வரை மட்டுமே பாவிக்கலாம். பகலுக்கு 40. வீடியோக் கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி தின்னும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

வேகம் இன்னொரு கதை. கடையில் காட்டியது காலை பத்து மணிக்கு, ரவுணுக்குள். 4ஜி கோபுரத்தின் கொள்ளளவை அந்தப் பகுதியில் இருக்கிற எல்லாரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மே தொடக்கம் செப்டம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சுற்றுலா சீசன். இருட்டியதும் கடற்கரையில் நின்றவர்கள் எல்லாரும் அறைக்குத் திரும்பிப் போனைத் திறப்பார்கள். எங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்கு 2 எம்பிபிஎஸ் வந்தால் அன்று நல்ல நாள். ரவுட்டரை ஜன்னல் விளிம்பில் வைத்தால் கொஞ்சம் கூடும். ஒருநாள் அதைக் காகம் தள்ளிவிடப் பார்த்தது, அது வேறு.

ஜூலைக் கடைசியில் ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்தத் தம்பி அங்கே இல்லை. இருந்தவர் படிவத்தை எடுத்துக் காட்டினார்: 24 மாத போஸ்ட்பெய்ட் ஒப்பந்தம். இடையில் நிறுத்தினால் 15,000. டெபாசிட்? பற்றுச்சீட்டில் இருந்தது "இணைப்புக் கட்டணம், திருப்பித் தரப்படமாட்டாது." வேறு கம்பனி சிம் போட்டாவது ரவுட்டரைப் பாவிப்போம் என்றால், அது அவர்கள் சிம்முக்கு மட்டும் வேலை செய்யும்படி பூட்டியது.

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். எவ்வளவு கட்டிச் சேர வேண்டும் என்று கேட்பதற்கு முன், எவ்வளவு கட்டி விலக வேண்டும் என்று கேளுங்கள். பதிலைப் படிவத்திலேயே விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு ப்ரீபெய்ட் சிம் போதும்; ரீலோட் பண்ணாவிட்டால் பில் ஒன்றும் துரத்தி வராது. கனநாள் இருப்பதென்றால் பூட்டில்லாத ரவுட்டரைச் சொந்தக் காசில் வாங்குங்கள், ஊர் மாறினாலும் உதவும். அதற்கும் முதல், இரண்டு கம்பனி சிம்மைப் போனில் போட்டு அந்த வீட்டுக்குள் இரவு எட்டு மணிக்குப் பாருங்கள். ஒரு தெருவில் நன்றாக எடுக்கிற சிம் அடுத்த தெருவில் படுத்துவிடும். பகல் டேட்டா எவ்வளவு, இரவு டேட்டா எவ்வளவு என்றும் பிரித்துக் கேளுங்கள்.

15,000 கட்டி, ரவுட்டரை ஒப்படைத்ததற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். முறைப்பாடு செய்ய நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இருக்கிறது. ஆனால் கம்பனிக்கு எழுத்தில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி கையில் இருக்க வேண்டும். நான் முதல் இரண்டு தடவையும் தொலைபேசியில் கத்தியதோடு சரி, என்னிடம் காட்ட ஒன்றும் இருக்கவில்லை.

இன்று காலை ஓகஸ்ட் மாதப் பில் குறுஞ்செய்தியாக வந்திருக்கிறது. இந்தத் தடவை கடிதமாகவே எழுதிக்கொண்டிருக்கிறேன்.