பி.எஸ்.பி பெயிண்ட்: உங்கள் டனலில் வேகம் இருந்தால் வாங்குங்கள்

விண்ட் டனலில், அதாவது காற்றை ஓட்டிச் சோதிக்கும் சுரங்கத்தில், வைக்கும் மாடலுக்கு அடிக்கும் பிரஷர் சென்சிடிவ் பெயிண்ட், லேப் பேச்சில் பி.எஸ்.பி, வாங்கலாமா என்று கல்லூரிக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனியாகச் சொல்லி மாளவில்லை. நாங்கள் வைத்திருப்பது பிளாட்டினம் போர்ஃபிரின் என்ற சாயம் கலந்த வகை. கூடவே 400 நானோமீட்டர் எல்.இ.டி விளக்கு, குளிரூட்டிய கேமரா. கம்பெனி பெயர் வேண்டாம்.

விளக்கைப் போட்டால் மாடல் சிவப்பாக ஒளிரும். காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த ஒளியை அணைக்கப் பார்க்கும். அழுத்தம் கூடின இடம் மங்கும், குறைந்த இடம் பளிச்சென்றிருக்கும். டனலை நிறுத்தி ஒரு படம், ஓடும்போது ஒரு படம், ஒன்றை மற்றொன்றால் வகுக்க வேண்டியதுதான்.

மாக் 0.8இல், அதாவது ஒலியின் வேகத்தில் 0.8 பங்கில், ஓட்டினால் கொடுத்த காசு வசூல். இறக்கையின் மேல் ஷாக், அதாவது அழுத்தம் சட்டென்று எகிறும் அதிர்வலை, எங்கே உட்கார்ந்திருக்கிறது, நுனிப் பக்கம் போகப்போக எப்படி வளைகிறது என்று கோடு போட்டதுபோல் தெரிகிறது. அரை மில்லிமீட்டர் ஓட்டை போட்டு டியூப் இழுக்கும் பழைய முறையில் இரண்டு டேப்புக்கு (அந்த ஓட்டைக்குத்தான் டேப் என்று பெயர்) நடுவே நடப்பது வெறும் ஊகம். இறக்கையின் பின்விளிம்பு மாதிரி மெல்லிய இடத்தில் ஓட்டையே போட முடியாது. அங்கேயும் இது அளக்கிறது. அதற்காக டேப்பே வேண்டாம் என்பது விற்பனைப் பேச்சு. சரிபார்க்கவாவது நாலு டேப் இருந்தே ஆக வேண்டும்.

பூசுவதுதான் பாடு. முதலில் வெள்ளை பேஸ் கோட், அது காய்ந்த பிறகு ஏர்பிரஷ்ஷில் மேல் கோட். முன்விளிம்பில் கையுறை போட்ட விரலை ஓட்டிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் தேய்த்து வழவழப்பாக்காமல் டனலில் ஏற்றாதீர்கள். சொரசொரப்பே காற்றோட்டத்தை மாற்றிவிடும். பூசிய பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது. விளக்கைச் சும்மா எரிய விட்டாலும் பெயிண்ட் வெளுத்துப்போகும்.

இனி கல்லூரிக்காரர்களுக்கு. நொடிக்கு 50 மீட்டர் ஓடும் டனலில் டைனமிக் பிரஷர், அதாவது காற்றின் வேகத்தால் வரும் அழுத்தம், சுமார் 1,530 பாஸ்கல். வளிமண்டல அழுத்தம் 1,01,325. அதாவது நீங்கள் தேடும் மாற்றமே ஒன்றரை சதவீதம்தான். மாக் 0.8இல் இதே கணக்கு ஸ்டேட்டிக் பிரஷரில் (ஓடும் காற்றின் சொந்த அழுத்தத்தில்) 45 சதவீதத்துக்கு வரும். சாதாரண பெயிண்டில் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினாலே ஒளி அரை முதல் ஒரு சதவீதம் வரை மாறிவிடுகிறது. ஃபேன் ஓட ஓட உள்ளே காற்று சூடாகிக்கொண்டேதான் இருக்கும். அப்புறம் நீங்கள் பார்க்கும் கலர் படம் அழுத்தமா, சூடா? இரண்டு சாயம் கலந்த பைனரி வகை ஓரளவு சமாளிக்கும், ஆனால் விலையும் கேமரா வேலையும் கூடும். அந்தப் பணத்தில் பல டேப்களின் அழுத்தத்தைச் சேர்த்து அளக்கும் நல்ல பிரஷர் ஸ்கேனர் ஒன்று வாங்கிவிடலாம்.

டிரான்சோனிக், அதாவது ஒலியின் வேகத்தை ஒட்டி ஓடும் டனல்காரர்கள் தாராளமாக வாங்குங்கள். ஆர்டர் போடும்போதே, அதே பெயிண்ட் அடித்த சின்னத் தகடு ஒன்றும், எந்த ஒளிக்கு எவ்வளவு அழுத்தம் என்று காட்டும் அதன் காலிப்ரேஷன் தாளும் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் அனுப்ப மாட்டார்கள்.